ஒழுக்கம் என்றால் என்ன? ஒரு கப்பல் கணக்கு சொல்லும் பாடம்



சற்று நீண்ட பதிவு இது. பொறுமையாக வாசியுங்கள். ஒரே மூச்சில் முடியாவிட்டால் இரண்டு பாடவேளைகளாகப் பிரித்துக்கொள்ளுங்கள். வருகைப் பதிவு எடுக்க மாட்டேன்.

பள்ளியை விட்டுப் போகும் ஒவ்வொரு பிள்ளைக்கும் மாற்றுச் சான்றிதழ் கொடுப்போம் அல்லவா? அதில் 'மாணவரின் ஒழுக்கமும் பண்பும்' என்று ஒரு வரி இருக்கும். அதற்கு எதிரே 'நன்று' என்று எழுதுவது வழக்கம். நேரத்துக்கு வருகிறவன், சண்டை போடாதவன், தலை வாரிச் சீருடையோடு வருகிறவள், பெரியவர்களைக் கண்டால் எழுந்து நிற்கிறவள். இவர்கள் எல்லாம் ஒழுக்கமான பிள்ளைகள். பள்ளிக்கூடம் நடக்க அது போதும். உலகம் நடக்கவும் அது போதுமா? இன்று இதைப் பற்றித்தான் உங்களோடு பேச நினைக்கிறேன்.

முதலில் சொல்லைப் பார்ப்போம். தமிழில் 'ஒழுகு' என்றால் வழிந்து ஓடுவது. மழைக்காலத்தில் ஓட்டு வீடு ஒழுகும். 'ஒழுகுதல்' என்றால் நடந்துகொள்வது என்றும் பொருள். ஒரு வழியில் தொடர்ந்து நடந்துவருவது ஒழுக்கம். வள்ளுவர் இதற்கென்று ஓர் அதிகாரமே ஒதுக்கியிருக்கிறார். ஆங்கிலத்தில் 'மாரல்' என்கிறார்கள். அதன் வேர் லத்தீன் மொழியின் 'மோஸ்'. அதற்கு 'வழக்கம்' என்று பொருள். கிரேக்கர்களின் சொல்லை லத்தீனுக்குக் கொண்டுவர ரோமானியப் பேச்சாளர் சிசரோ அதிலிருந்து 'மோராலிஸ்' என்ற புதுச்சொல்லை உண்டாக்கினார்.

இரண்டு மொழிகளிலும் சொல் பிறந்த இடம் ஏறக்குறைய ஒன்றுதான். நாலு பேர் நடக்கிற வழியில் நடப்பது. 'நாடு ஓடினால் நடுவில் ஓடு' என்று நம் பெரியவர்களும் சொன்னார்கள். பெரும்பாலான நாட்களுக்கு அது நல்ல அறிவுரைதான். ஆனால் நாடே பள்ளத்தை நோக்கி ஓடினால் என்ன செய்வது? வழக்கமே தவறாக இருந்தால் ஒழுக்கம் எங்கே நிற்கும்? இதற்கு வரலாற்றில் ஒரு தெளிவான எடுத்துக்காட்டு உண்டு. இங்கிலாந்தின் அடிமை வணிகம்.

பக்திமானான ஒரு கப்பல் தலைவர்

ஐரோப்பியக் கப்பல்கள் ஆப்பிரிக்காவிலிருந்து மனிதர்களைப் பிடித்தும் வாங்கியும் அட்லாண்டிக் கடலைத் தாண்டிக் கொண்டுபோய் அமெரிக்கக் கண்டங்களிலும் மேற்கிந்தியத் தீவுகளிலும் விற்றன. சுமார் மூன்றரை நூற்றாண்டுகளில் ஏறத்தாழ 1.25 கோடி பேர் அப்படிக் கப்பலேற்றப்பட்டார்கள் என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். அதில் பதினெட்டு லட்சம் பேர் வரை கரை சேரவில்லை. கரை சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் போன இடம் கரும்புத் தோட்டம். ஐரோப்பாவில் தேநீருக்கும் காப்பிக்கும் சர்க்கரை வேண்டும். இந்த வணிகத்துக்கு அதுவே பெரிய காரணம். 'கரும்பு' என்ற சொல்லை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் நமக்குத் தேவைப்படும்.

இந்த வணிகத்தில் ஈடுபட்டவர்கள் எல்லாம் கொடியவர்களா? இல்லை என்பதுதான் அச்சம் தருகிற செய்தி. ஜான் நியூட்டன் என்று ஒருவர். 1725இல் பிறந்தவர். 1750 முதல் 1754 வரை அடிமைக் கப்பல்களுக்குத் தலைவராக மூன்று பயணங்கள் போனார். அவர் குடிகாரரோ சூதாடியோ அல்ல. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மாலுமிகளைக் கூட்டி வழிபாடு நடத்தினார். மனைவிக்கு அன்பு ததும்பும் கடிதங்கள் எழுதினார். அவர் நின்று வழிபட்ட பலகைக்குக் கீழே, கப்பலின் வயிற்றில், காலில் விலங்கோடு மனிதர்கள் நெருக்கியடித்துக் கிடந்தார்கள். அவருடைய சான்றிதழில் ஒழுக்கம் 'நன்று' என்றுதான் எழுதியிருப்போம்.

உடல்நலக் குறைவால் கடலை விட்டவர், பிறகு பாதிரியார் ஆனார். புகழ்பெற்ற ஒரு பக்திப் பாடலையும் எழுதினார். அடிமை வணிகம் தவறு என்று அவர் வெளிப்படையாக எழுதி அச்சிட்டது 1788இல். கப்பலை விட்டு இறங்கி 34 ஆண்டுகள் கழித்து! அறிவும் அன்பும் பக்தியும் உள்ள மனிதருக்கே கண் திறக்க அத்தனை காலம் ஆகியிருக்கிறது. ஏனென்றால் அவரைச் சுற்றியிருந்த எல்லோருக்கும் அது ஒரு தொழில். சட்டம் அனுமதித்த தொழில். கௌரவமான தொழிலும் கூட.

தலைக்கு 30 பவுண்டு

இப்போது கப்பல் கணக்குக்கு வருவோம். 1781ஆம் ஆண்டு. லிவர்பூல் வணிகர்களுக்குச் சொந்தமான ஒரு கப்பல், பெயர் 'சோங்'. முதலில் அது டச்சுக்காரர்களின் கப்பல். அவர்கள் வைத்திருந்த பெயருக்கு 'அக்கறை' என்று பொருள்! தலைவர் லூக் காலிங்வுட். அதற்குமுன் கப்பல் மருத்துவராக இருந்தவர். ஆகஸ்ட் மாதம் இன்றைய கானா நாட்டின் அக்ராவிலிருந்து 442 ஆப்பிரிக்கர்களோடு புறப்பட்டது. அந்த அளவுக் கப்பலில் ஏற்றக்கூடாத எண்ணிக்கை அது.

வழியில் நோய் பரவியது. அறுபதுக்கும் மேற்பட்ட ஆப்பிரிக்கர்கள் இறந்தார்கள். மாலுமிகளிலும் சிலர் இறந்தார்கள். ஜமைக்காவை நெருங்கியபோது அதை வேறு தீவு என்று தவறாக எண்ணிக் கடந்துபோய்விட்டார்கள். தண்ணீர் போதாது என்ற பேச்சு எழுந்தது. நவம்பர் 29ஆம் நாள் தொடங்கிச் சில நாட்களில் 130க்கும் மேற்பட்டோரை உயிரோடு கடலில் தள்ளினார்கள். முதல் நாள் தள்ளப்பட்டவர்கள் பெண்களும் குழந்தைகளும். பத்துப் பேர் தாங்களே குதித்துவிட்டார்கள். இதற்கிடையே மழையும் பெய்தது. டிசம்பர் 22இல் கப்பல் ஜமைக்கா சேர்ந்தபோது பீப்பாய்களில் தண்ணீர் மீதம் இருந்தது. உயிரோடு இறங்கியவர்கள் 208 பேர். கழித்தல் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

ஏன் தள்ளினார்கள்? இங்கேதான் கணக்கு வருகிறது. அன்றைய காப்பீட்டு விதிப்படி, அடிமை நோயில் இறந்தால் நட்டம் முதலாளிக்கு. கப்பலைக் காப்பாற்ற வேறு வழியின்றிச் சரக்கைக் கடலில் எறிந்தால், அந்த நட்டத்தைக் காப்பீட்டாளர் ஈடுகட்ட வேண்டும். தலைக்கு 30 பவுண்டு. ஊர் திரும்பியதும் கப்பல் முதலாளிகள் அந்தத் தொகையைக் கேட்டார்கள். காப்பீட்டாளர்கள் தர மறுத்தார்கள். வழக்கு 1783 மார்ச் மாதம் லண்டன் நீதிமன்றத்துக்கு வந்தது.

எந்த வழக்கு என்று கவனியுங்கள். கொலை வழக்கு அல்ல. பண வழக்கு. மனிதரைக் கொன்றார்களா என்று யாரும் கேட்கவில்லை. சரக்கை எறிந்தது தேவைதானா என்பதுதான் கேள்வி. நடுவர் குழு முதலாளிகள் பக்கம் தீர்ப்பளித்தது. காப்பீட்டாளர்கள் மறுவிசாரணை கேட்டார்கள். அதைக் கேட்டவர் இங்கிலாந்தின் தலைமை நீதிபதி மான்ஸ்ஃபீல்டு பிரபு. கீழ் விசாரணையில் நடுவர் குழுவின் முன்னிருந்த நிலையை அவர் விளக்கும்போது, அடிமைகளை எறிந்தது குதிரைகளை எறிந்தது போலத்தான் கருதப்பட்டது என்ற பொருளில் பேசினார். இத்தனைக்கும் அவர் வீட்டில் டைடோ என்ற பெண் வளர்ந்துகொண்டிருந்தாள். அவருடைய மருமகன் முறை உறவினருக்கும் ஓர் ஆப்பிரிக்க அடிமைப் பெண்ணுக்கும் பிறந்தவள். அவளை அவர் அன்போடுதான் வளர்த்தார். வீட்டில் அவள் பிள்ளை. சட்டப் புத்தகத்தில் அவள் இனத்தவர் சரக்கு. நல்ல மனிதர் ஒருவரால் இரண்டையும் தனித்தனி அறையில் வைத்துக்கொள்ள முடிந்திருக்கிறது.

மழைக்குப் பிறகும் ஆட்களைத் தள்ளியிருக்கிறார்கள் என்று தெரிந்ததும் மான்ஸ்ஃபீல்டு மறுவிசாரணைக்கு உத்தரவிட்டார். ஆனால் கொலைக் குற்றத்துக்காக ஒருவர்கூடத் தண்டிக்கப்படவில்லை.

இது கொலை என்று சொன்னவர்கள்

அந்த முதல் தீர்ப்பு வந்து இரண்டு வாரம் ஆகவில்லை. லண்டனில் ஒருவர் இன்னொருவரின் வீட்டுக் கதவைத் தட்டினார். தட்டியவர் ஒலாடா ஈக்வியானோ. அடிமையாக இருந்து, சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில் 1766இல் தன் விடுதலையைத் தானே விலைகொடுத்து வாங்கியவர். கதவைத் திறந்தவர் கிரான்வில் ஷார்ப். அரசு அலுவலகம் ஒன்றில் எழுத்தராக இருந்தவர். வழக்கறிஞர் அல்ல. முன்பு ஒருமுறை, எசமானால் அடித்துக் குற்றுயிராகத் தெருவில் விடப்பட்ட ஓர் அடிமைச் சிறுவனைக் கண்டு, அவனுக்காகச் சட்டப் புத்தகங்களைத் தானே படித்துக் கற்றுக்கொண்டவர். சோங் கப்பல் செய்தியை ஈக்வியானோ சொன்னதும் ஷார்ப் சொன்ன சொல் 'கொலை'. கொலை வழக்குத் தொடர வேண்டும் என்று கடற்படை ஆணையத்துக்கும் அமைச்சருக்கும் எழுதினார். பதில் இல்லை.

கொலை வழக்குக்கான முயற்சி தோற்றது. சொல் நிலைத்தது. நீதிமன்றம் 'சரக்கு' என்று எழுதிய இடத்தில் இரண்டு பேர் 'மனிதர்' என்று எழுதினார்கள். அந்தத் திருத்தம்தான் பிறகு நாடு முழுக்கப் பரவியது.

பரவியது எப்படி? ஆசிரியன் என்ற முறையில் எனக்கு மிகப் பிடித்த பகுதி இதுதான். ஒரு கட்டுரைப் போட்டியால்! கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக இருந்த பீட்டர் பெக்கார்டு, 1785இல் லத்தீன் கட்டுரைப் போட்டிக்கு ஒரு தலைப்புக் கொடுத்தார். விருப்பமில்லாதவரை அடிமையாக்குவது முறையாகுமா என்பது தலைப்பு. தாமஸ் கிளார்க்சன் என்ற 25 வயது மாணவர் பரிசுக்காகத்தான் எழுதத் தொடங்கினார். தகவல் திரட்டத் திரட்டத் தூக்கம் போய்விட்டது. பரிசும் கிடைத்தது. லண்டனுக்குப் போகும் வழியில் வேட்ஸ்மில் என்ற ஊருக்கு அருகே குதிரையை விட்டு இறங்கிச் சாலையோரம் உட்கார்ந்துவிட்டார். நான் எழுதியது உண்மையென்றால், யாராவது ஒருவர் இதற்கு முடிவு கட்டியாக வேண்டுமே என்ற எண்ணம் அவரைப் பிடித்துக்கொண்டது. அந்த இடத்தில் இன்றும் ஒரு நினைவுத்தூண் நிற்கிறது.

நம்மில் எத்தனை பேர் பேச்சுப் போட்டியிலும் கட்டுரைப் போட்டியிலும் உயர்ந்த கருத்துகளை எழுதிக் கோப்பை வாங்கியிருக்கிறோம்! எழுதியது உண்மையென்றால் அடுத்து என்ன செய்வது என்று கேட்டுக்கொண்டவர் கிளார்க்சன். ஒழுக்கம் பற்றிய அறிவு ஒழுக்கமாக மாறுகிற இடம் அந்தச் சாலையோரம் என்று எனக்குத் தோன்றும்.

1787 மே 22ஆம் நாள் லண்டனில் ஓர் அச்சகத்தில் 12 பேர் கூடி ஒரு குழு அமைத்தார்கள். கிளார்க்சனும் ஷார்ப்பும் அதில் உண்டு. ஒன்பது பேர் குவேக்கர் என்ற சிறு கிறித்தவப் பிரிவினர். நாடாளுமன்றத்தில் அவர்கள் குரலாக நின்றவர் வில்லியம் வில்பர்ஃபோர்ஸ். கிளார்க்சன் ஏழு ஆண்டுகளில் குதிரை மீது ஏறத்தாழ 35,000 மைல் அலைந்து சான்றுகள் சேர்த்தார். துறைமுகங்களில் மாலுமிகளைத் தேடிப் பேசினார். லிவர்பூல் கடை ஒன்றில் கைவிலங்கும் கால்விலங்கும் கட்டைவிரலை நசுக்கும் கருவியும் விற்பனைக்கு வைத்திருந்ததைக் கண்டு, காசு கொடுத்து வாங்கிவந்து கூட்டங்களில் காட்டினார். அதே லிவர்பூலில் ஒரு கும்பல் அவரைத் துறைமுகப் பாலத்திலிருந்து கடலில் தள்ளப் பார்த்தது.

'புரூக்ஸ்' என்ற கப்பலின் வரைபடத்தையும் அச்சிட்டுப் பரப்பினார்கள். நானூற்று ஐம்பதுக்கும் மேற்பட்ட மனித உருவங்கள் கப்பலின் தளங்களில் எப்படி அடுக்கப்படும் என்று காட்டிய படம். அந்த எண்ணிக்கை சட்டம் அனுமதித்த அளவையொட்டியது. முந்தைய பயணம் ஒன்றில் அந்தக் கப்பல் 600க்கும் மேற்பட்டோரை ஏற்றியிருந்தது. அந்தப் படத்தைப் பார்த்தவர்களுக்கு மேடைப் பேச்சு தேவைப்படவில்லை. அதுவரை யாரும் பொய் சொல்லி மறைக்கவில்லை. யாரும் பார்க்கக் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

சர்க்கரை இல்லாத தேநீர்

1791இல் அடிமை வணிகத்தைத் தடுக்கும் மசோதா நாடாளுமன்றத்தில் தோற்றது. ஆதரவு 88, எதிர்ப்பு 163. சாதாரண மக்கள் என்ன செய்ய முடியும்? பெரும்பாலோருக்கு வாக்குரிமை இல்லை. பெண்களுக்கு அறவே இல்லை. அப்போது வில்லியம் ஃபாக்ஸ் என்பவர் ஒரு சிறு வெளியீட்டை எழுதினார். அதில் ஒரு கணக்கு இருந்தது. வாரத்துக்கு ஐந்து பவுண்டு எடை சர்க்கரை பயன்படுத்தும் ஒரு குடும்பம், 21 மாதங்கள் அதை நிறுத்தினால், ஓர் ஆப்பிரிக்கர் அடிமையாவதையோ கொல்லப்படுவதையோ தடுக்கலாம் என்று அவர் கணக்கிட்டார்.

கணக்கு துல்லியமா என்று கேட்காதீர்கள். அது செய்த வேலையைப் பாருங்கள். காப்பீட்டுக் கணக்கில் மனிதரைப் பவுண்டாக மாற்றினார்கள். இவர் சர்க்கரையை மீண்டும் மனிதராக மாற்றிக் காட்டினார். ஆயிரக்கணக்கான மைல் தூரத்தில் நடப்பது தன் வீட்டுத் தேநீர்க் கோப்பையில் தெரிந்தது. ஏறத்தாழ 3 லட்சம் பேர் சர்க்கரையை விட்டார்கள் என்று கிளார்க்சன் மதிப்பிட்டார். வீட்டுக்குள் என்ன வாங்குவது என்று முடிவு செய்தவர்கள் பெண்கள். வாக்குச்சீட்டு இல்லாதவர்கள் சர்க்கரைக் கிண்ணத்தால் வாக்களித்தார்கள். அடுத்த ஆண்டு, 1792இல், ஏறத்தாழ 4 லட்சம் கையெழுத்துகளோடு 519 விண்ணப்பங்கள் நாடாளுமன்றத்துக்குப் போயின.

உடனே வெற்றி கிடைத்ததா? இல்லை. பிரான்சோடு போர் வந்தது. கிளார்க்சன் உடல் நொடிந்து ஒதுங்கினார். 1807இல்தான் 283க்கு 16 என்ற வாக்குகளில் அடிமை வணிகத் தடைச் சட்டம் நிறைவேறியது. அதுவும் வணிகத்துக்குத்தான் தடை. ஏற்கெனவே அடிமையாக இருந்தவர்கள் அடிமைகளாகவே இருந்தார்கள். மெதுவாக, படிப்படியாக ஒழிக்கலாம் என்றார்கள் பெரியவர்கள். 1824இல் லெஸ்டர் நகரைச் சேர்ந்த எலிசபெத் ஹேரிக் என்ற பெண்மணி, படிப்படியாக என்ன, உடனே ஒழிக்க வேண்டும் என்று எழுதினார். அவரும் அவர் தோழியரும் வீடுவீடாகப் போய்ச் சர்க்கரையை விடச் சொன்னார்கள். ஆண்கள் நடத்திய இயக்கமும் 1830இல் அந்த வழிக்கு வந்தது.

இன்னொன்றையும் சொல்லாவிட்டால் பாடம் ஒருதலையாகிவிடும். விடுதலை என்பது இங்கிலாந்தின் நல்லவர்கள் போட்ட பிச்சை அல்ல. 1791இல் தொடங்கிய கிளர்ச்சியில் ஹெய்ட்டித் தீவின் அடிமைகள் பிரெஞ்சுப் படையையே தோற்கடித்து, 1804இல் தனி நாடு அமைத்தார்கள். 1831 கிறிஸ்துமஸ் நாட்களில் ஜமைக்காவில் சாம் ஷார்ப் என்ற அடிமையின் தலைமையில் ஆயிரமாயிரம் பேர் எழுந்தார்கள். அவரைத் தூக்கிலிட்டார்கள். அடுத்த ஆண்டே அடிமை ஒழிப்புச் சட்டம் வந்தது.

சர்க்கரைத் தொழிலின் இலாபம் குறைந்ததால்தான் அடிமை முறை ஒழிந்தது, அறத்துக்கு இதில் வேலையில்லை என்று வாதிட்ட வரலாற்றாசிரியர்களும் உண்டு. பின்னாளில் டிரினிடாடு நாட்டின் முதல் பிரதமரான எரிக் வில்லியம்ஸ் 1944இல் எழுதிய நூல் அந்த வகையில் புகழ்பெற்றது. இல்லை, இலாபம் நன்றாக இருந்தபோதே அதை விட்டார்கள் என்று மறுத்தவர்களும் உண்டு. என் எண்ணம் இது. பணக்கணக்கு மாறாமல் சட்டம் எளிதில் மாறாது. ஆனால் யாராவது ஒருவர் கணக்கில் விடுபட்ட மனிதரைச் சுட்டிக்காட்டாவிட்டால், கணக்கை மாற்ற வேண்டும் என்றே யாருக்கும் தோன்றாது.

இழப்பீடு யாருக்கு?

1833 சட்டத்தின்படி ஏறத்தாழ 8 லட்சம் பேர் விடுதலைக்கு உரியவர்கள் ஆனார்கள். அரசு 2 கோடி பவுண்டு இழப்பீடு ஒதுக்கியது. அன்றைய அரசின் ஓராண்டுச் செலவில் ஏறத்தாழ 40 விழுக்காடு. அதற்காக வாங்கிய கடனின் கடைசிப் பகுதி 2015இல்தான் அடைக்கப்பட்டது. இழப்பீடு யாருக்குக் கிடைத்தது? அடிமைகளை வைத்திருந்த முதலாளிகளுக்கு. அடிமைகளாக இருந்தவர்களுக்கு ஒரு காசும் இல்லை. அது மட்டுமல்ல, 'பயிற்சிக் காலம்' என்ற பெயரில் 1838 வரை அதே முதலாளியிடம் கூலியின்றி வேலை செய்யவும் வைத்தார்கள்.

அந்தச் சட்டத்தில் ஒரு விலக்கும் இருந்தது. கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சிப் பகுதிகளுக்கும் இலங்கைக்கும் அது பொருந்தாது. நம் ஊர்களில் அடிமைகள் இல்லையா? இருந்தார்கள். ஆள் ஓலை எழுதி மனிதரை விற்ற வழக்கம் தமிழகத்திலும் உண்டு. நிலத்தோடு சேர்த்து உழவர் குடிகளைக் கைமாற்றினார்கள். 1843ஆம் ஆண்டின் ஐந்தாம் சட்டம்தான் இந்தியாவில் அடிமைத்தனத்துக்குச் சட்ட ஏற்பு இல்லை என்றாக்கியது. ஆகவே வெள்ளைக்காரன் கொடுமை என்று சொல்லிவிட்டு நாம் எழுந்து போய்விட முடியாது.

இப்போது நினைவில் வைக்கச் சொன்ன கரும்புக்கு வருவோம். அடிமைகள் விடுதலையானதும் தோட்டங்களுக்கு ஆள் வேண்டும். 1834 நவம்பரில் 'அட்லஸ்' என்ற கப்பல் 36 இந்தியர்களை மொரீசியஸ் தீவில் இறக்கியது. 1860 நவம்பர் 16இல் 'ட்ரூரோ' என்ற கப்பல் சென்னையிலிருந்து தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுகத்தைச் சேர்ந்தது. நம்மவர்கள் இறங்கியது கரும்புத் தோட்டத்தில் வேலை செய்ய. பிஜித் தீவுக்கு 1903 முதல் சென்னையிலிருந்து கப்பல்கள் போயின. அந்தத் தீவின் கரும்புத் தோட்டங்களில் நம் பெண்கள் பட்ட பாட்டை எண்ணித்தான் பாரதியார் பாடினார்.

இவர்கள் அடிமைகள் அல்லர். ஒப்பந்தக் கூலிகள். கைநாட்டு வைத்திருந்தார்கள். பெரும்பாலும் ஐந்து ஆண்டு ஒப்பந்தம். எல்லாம் சட்டப்படி சரி. வேலையைப் பாதியில் விட்டால் சிறை என்பதும் சட்டப்படி சரிதான். படிக்கத் தெரியாத ஒருவர், பஞ்சத்தில் பிள்ளை பட்டினி கிடக்கும்போது வைத்த கைநாட்டை 'சம்மதம்' என்று பதிவேட்டில் எழுதிக்கொண்டார்கள். அந்த முறைக்கு முடிவு கட்டவும் கேள்வி கேட்கிறவர்கள் வேண்டியிருந்தார்கள். 1917இல் ஆட்களை அனுப்புவது நின்றது. 1920இல் முறையே முடிவுக்கு வந்தது.

நம் காலத்துக் கணக்கு

இதையெல்லாம் இப்போது ஏன் எழுதுகிறேன்? சில வாரங்களுக்கு முன் உங்களில் ஒருவர் என்னோடு பேசினார். பெயர் வேண்டாம். ஆட்களை வேலைக்கு எடுக்கும் பொறுப்பில் இருக்கிறார். "சார், நாங்க செய்யறது எல்லாமே சட்டப்படி சரி. கையெழுத்து வாங்கித்தான் செய்யறோம். ஆனா மனசு ஒப்ப மாட்டேங்குது. நான் ரொம்ப யோசிக்கிறேனா சார்?" என்று கேட்டார். முன்பணம் வாங்கிக்கொண்டு தொலைவிலிருந்து வருகிற பிள்ளைகள், ஒப்பந்த காலம் முடியாமல் வீட்டுக்குப் போக முடியாத நிலை, அவர்கள் தங்கும் அறையின் நெருக்கம் என்று சொல்லிக்கொண்டே போனார்.

தம்பி, நீ அதிகமாக யோசிக்கவில்லை. உன் மனம் சரியாக வேலை செய்கிறது. மனம் ஒப்பாத அந்த இடத்தில்தான் ஒழுக்கத்தின் உண்மையான வேலை தொடங்குகிறது. இந்தியாவில் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976இல் வந்துவிட்டது. அதற்குப் பிறகும் செங்கல் சூளைகளிலிருந்தும் அரிசி ஆலைகளிலிருந்தும் குடும்பம் குடும்பமாக மீட்கிறார்கள் என்று செய்தித்தாளில் படித்துக்கொண்டுதான் இருக்கிறோம். சட்டம் ஒரு வேலி. வேலி வேண்டும். ஆனால் வேலிக்கு உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்க ஒரு மனிதக் கண் வேண்டும்.

அவருக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். எந்தத் தொழிலில் இருந்தாலும், எந்தக் கையெழுத்தைப் போடும் முன்பும், இந்தத் தாளில் மனிதர் எந்தப் பத்தியில் இருக்கிறார் என்று பாருங்கள். 'செலவு' என்ற பத்தியிலா, 'சரக்கு' என்ற பத்தியிலா, 'எண்ணிக்கை' என்ற பத்தியிலா? அவர் பெயர் எங்கே? அடுத்து, அதே தாளில் உங்கள் பிள்ளையின் பெயர் இருந்தால் கையெழுத்துப் போடுவீர்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். மூன்றாவதாக, உங்களால் விட முடிந்த சர்க்கரை எது என்று தேடுங்கள். எல்லோராலும் கிளார்க்சன் போலக் குதிரையேற முடியாது. வேலையை விட்டுவிட்டுப் போராடு என்று குடும்பஸ்தனிடம் நான் சொல்ல மாட்டேன். ஓர் அறையில் இருக்கும் ஆட்களின் எண்ணிக்கையைக் குறைக்கச் சொல்லி மேலாளரிடம் எழுத்தில் கேட்பது, ஒப்பந்தத்தைப் படிக்கத் தெரியாதவருக்கு அவர் மொழியில் வாசித்துக் காட்டுவது, ஊருக்குப் போக விடுப்பு வாங்கித் தருவது. இவையும் ஒரு கிண்ணம் சர்க்கரைதான்.

அந்தத் தம்பி மேலாளருக்கு ஒரு கடிதம் எழுதியிருப்பதாகப் பிறகு சொன்னார். விடை இன்னும் வரவில்லையாம். ஷார்ப்புக்கும் விடை வரவில்லை என்று சொன்னேன்.

ஒழுக்கம் என்ற சொல்லுக்கு நான் இப்போது கொள்ளும் பொருள் இதுதான். என் செயலின் மறுமுனையில், என் கண்ணுக்குத் தெரியாத தூரத்தில் இருப்பவரையும் மனிதராகவே எண்ணுவது. எண்ணியபின் அதற்கான சிறிய விலையையாவது நான் தருவது. நேரத்துக்கு வருவதும் வணக்கம் சொல்வதும் நல்ல பழக்கங்கள். அவற்றை விடாதீர்கள். ஆனால் ஜான் நியூட்டனும் நேரத்துக்கு வழிபாடு நடத்தியவர்தான் என்பதையும் மறவாதீர்கள்.

உங்களில் பலருக்கு இப்போது பள்ளி வயதில் பிள்ளைகள் இருக்கிறார்கள். என் தங்கை வீட்டிலும் அண்ணன் வீட்டிலும் பேரப்பிள்ளைகள் வந்துவிட்டார்கள். இன்று மாலை அவர்களுக்குத் தேநீரோ பாலோ கலக்கும்போது, சர்க்கரை போடும் முன் இந்தக் கப்பல் கதையைச் சொல்லுங்கள். பிள்ளைகள் கேட்கும் கேள்விகளைக் கீழே கருத்துப் பகுதியில் எழுதுங்கள். தெரிந்தவரை பதில் சொல்கிறேன்.

அனைவரும் நலமோடு வாழ வாழ்த்துகிறேன்.